சிரிஞ்சா, பேனாவா? இன்சுலின் தொடங்குகிறவர் கையில் எதைக் கொடுப்பது

வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் கும்பிட்டால் முதலில் அவர் கைகளைத்தான் பார்ப்பேன். பல வருடம் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களில் சிலருக்கு இரண்டு உள்ளங்கையும் முழுதாக ஒட்டாது. விரல்களுக்கு நடுவே ஒரு சந்து விழும். தோலும் மூட்டும் இறுகிப்போனதன் அடையாளம் அது. இந்தக் கை நாளைக்கு ஒரு மெல்லிய சிரிஞ்சைப் பிடித்து, கோடு பார்த்து, நிதானமாக மருந்தை இழுக்குமா? வணக்கம் சொல்லும் அந்த ஒரு நொடியில் இதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். மாத்திரையில் கட்டுப்படாத சர்க்கரைக்கு "இனி இன்சுலின்" என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனதும் குடும்பத்தார் என்னைத் தேடி வந்து கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், பாட்டில் ஊசி வாங்கவா, பேனா வாங்கவா?" அதற்குள் மருந்துக்கடையில் ஒன்று சொல்லியிருப்பார்கள், பக்கத்துக் கட்டில்காரர் வேறொன்று சொல்லியிருப்பார். பேனா என்பது எழுதும் பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசி. பேனா என்றால் நவீனம், சிரிஞ்சு என்றால் பழசு என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. வசதி இருந்தும் அம்மாவுக்குச் சிரிஞ்சு வாங்கிக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்பட்ட மகனையும் பார்த்திருக்கிறேன்.

எந்த இன்சுலின், எத்தனை யூனிட், எத்தனை வேளை என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. எந்தக் கருவியில் போடுவது என்பதை மட்டும் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு நான் என்னென்ன பார்க்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் எழும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, 10 மில்லி குப்பியும் சிரிஞ்சும். இரண்டாவது, 3 மில்லி கார்ட்ரிட்ஜை, அதாவது மருந்து அடைத்த சின்னக் குழாயை, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் பேனா. மூன்றாவது, மருந்து தீர்ந்ததும் முழுதாகத் தூக்கிப்போடும் பேனா. மூன்றிலும் ஒரே வகை மருந்து கிடைக்கலாம். உடம்பு மருந்தைத்தான் பார்க்கும், அது வந்த கூட்டைப் பார்க்காது. பேனாவில் போட்டால் சர்க்கரை கூடுதலாகக் குறையும் என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டியதில்லை.

40-உம் 100-உம்

வேறெதையும் பேசும் முன்பு இதைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பல நாடுகளில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்ற ஒரே அளவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகள் இன்னும் பரவலாக இருக்கின்றன. 100 யூனிட் உள்ளதும் கூடவே விற்கிறது. 40 குப்பிக்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, 100 குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட் வகை.

கணக்கைப் பாருங்கள். டாக்டர் 18 யூனிட் எழுதியிருக்கிறார். 40 குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சால் 18 கோடு வரை இழுத்தால் 0.45 மில்லி வரும், அதில் சரியாக 18 யூனிட் இருக்கும். அதே சிவப்பு மூடி சிரிஞ்சில், அதே 18 கோடு வரை, 100 யூனிட் மருந்தை இழுத்தால்? 0.45 மில்லிக்குள் 45 யூனிட் போய்விடும். எழுதியதைப்போல் இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால், அதாவது 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 18-க்குப் பதில் 7.2 யூனிட்தான் போகும். முதல் தவறில் மயக்கம். இரண்டாவது தவறில் சர்க்கரை குறையவே குறையாது, ஊசி வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் அறுபது தாண்டிய ஓர் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சேலை முழுக்க வியர்வை. கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடத்தில் தெளிந்துவிட்டார். விசாரித்ததில், முந்தைய இரவு அவருடைய பேனா கீழே விழுந்து உடைந்திருக்கிறது. மகன் பதறி, வீட்டில் அப்பாவுக்காக வைத்திருந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, பேனாவுக்குள் இருந்த கார்ட்ரிட்ஜில் குத்தி, 18 கோடு வரை இழுத்துப் போட்டிருக்கிறார். பாசத்தோடுதான் செய்தார், படித்த பையன்தான். ஒரே வீட்டில் 40-உம் 100-உம் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சிரிஞ்சா பேனாவா என்று பேசத் தொடங்கும் முன்பே ஒன்று கேட்டுவிடுகிறேன்: "வீட்டில் ஏற்கெனவே யாராவது இன்சுலின் போடுகிறார்களா?" ஆமாம் என்றால், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. அப்பா சிரிஞ்சில் போடுகிறார் என்றால் அம்மாவுக்கும் அதே 40 வகை, அதே சிவப்பு மூடி. இல்லையென்றால் இருவருக்குமே பேனா, ஆனால் ஆளுக்கு ஒன்று. ஊசியை மாற்றிவிட்டால் ஒரே பேனாவை இரண்டு பேர் போடலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. குத்தும்போது துளி ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறிவிடக்கூடும். கணவன் மனைவியானாலும் பேனா தனித்தனிதான். டாக்டர் வேறு வழியில்லாமல் இரண்டு வகையும் எழுதியிருந்தால், சிரிஞ்சையும் குப்பியையும் ஒரே டப்பாவில் சேர்த்து வையுங்கள். பேனா இன்னொரு டப்பாவில், முடிந்தால் இன்னொரு அறையில் இருக்கட்டும்.

கண், கை, காசு

சிரிஞ்சு போடக் கண் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வார்டு வெளிச்சத்தில் கண்ணைச் சோதித்து என்ன பயன்? வீட்டில் ராத்திரி ஊசி ஏழரை மணிக்கு, அடுப்படியின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் போடப் போகிறார். அதனால் சாயங்காலம் விளக்குப் போடும் முன்பு, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தண்ணீர் இழுத்த சிரிஞ்சைக் கையில் கொடுத்து "எந்த நம்பரில் நிற்கிறது?" என்று கேட்பேன். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் பார்த்துச் சொல்கிறார் என்பதும் முக்கியம். ஊசிப் பக்கத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். அடி விளிம்பைப் பார்க்கிறவர்கள் தினமும் அளவு தவறிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று முறை வேறு வேறு அளவு வைத்துக் காட்டுவேன். மூன்றையும் சரியாகச் சொன்னால் சிரிஞ்சு கொடுக்கலாம். ஒன்று தப்பினாலும் வேறு வழி யோசிப்பேன்.

இங்கே இடையில் ஒன்று. இன்சுலின் தொடங்கிய முதல் சில வாரங்களில் சர்க்கரை இறங்க இறங்கப் பார்வை மங்கலாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்து ஊசியை நிறுத்தியவர்கள் உண்டு, அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போட்டவர்கள் உண்டு. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் ஆன பிறகு கண் பரிசோதித்துக்கொள்வதே நல்லது. விழித்திரைப் பரிசோதனை வேறு, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சிரிஞ்சு முடியாது என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அக்காவுக்குக் காலையில் 20, இரவு 10 யூனிட். பள்ளிக்கூடமே போகாதவர். சிரிஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தா, இது இருவது ரூவா நோட்டுல இருக்குற நம்பர். இது பத்து ரூவா" என்று விரல் வைத்துக் காட்டினார். வாழ்க்கை முழுக்கச் சில்லறை எண்ணின கண் அது. அடுத்த மூன்று மாதத்தில் ஒரு முறைகூட அளவு தவறவில்லை. டாக்டர் 20-ஐ 22 ஆக்கியபோதுதான் கொஞ்சம் தடுமாறினார். இருபதுக்கு மேல் இரண்டு சின்னக் கோடு என்று உட்கார்ந்து பழகினோம், அதுவும் வந்துவிட்டது. படிப்பைக் கேட்பதைவிட, அவர் எதை எண்ணிப் பழகியவர் என்று கேட்பது பயன் தரும்.

கை நடுங்குபவருக்கு, மூட்டு இறுகியவருக்கு, பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்குச் சிரிஞ்சு கடினம். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, இன்னொரு கையால் இழுத்து, குமிழி வந்தால் சுண்டி எடுத்து, மறுபடி இழுக்க வேண்டும். பேனாவில் இந்தக் குமிழிப் பிரச்சினை குறைவு. அளவைத் திருகிவைத்துவிட்டால் அழுத்த வேண்டியதுதான். ஆனால் அந்த அழுத்தலுக்கும் கட்டை விரலில் பலம் வேண்டும். அளவு பெரிதானால் சில பேனாக்களில் பொத்தான் வெகுதூரம் வெளியே வந்து நிற்கும், சின்னக் கைக்கு எட்டாது. காசு கொடுத்து வாங்கும் முன்பு வார்டில் இருக்கும் மாதிரிப் பேனாவை அழுத்திப் பார்க்கச் சொல்லுவேன்.

பேனா சுலபம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டுக்கும் படிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான், தவறுகள்தான் வேறு வேறு. பேனாவில் ஊசி மாட்டியதும் 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தி, நுனியில் துளி வருகிறதா பார்க்க வேண்டும். இதைப் பலர் மருந்து வீண் என்று விட்டுவிடுகிறார்கள். அழுத்தி முடித்ததும் மெதுவாகப் பத்து எண்ணிய பிறகே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் தோலில் மருந்து வழிந்து நிற்கும். பொத்தானை அழுத்துவதற்குப் பதில் அளவைத் திருப்பி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, போட்டாயிற்று என்று நம்பியவரும் உண்டு.

இன்னொரு தவறு கேட்டால் நம்பமாட்டீர்கள், ஆனால் பல நாடுகளில் நடந்திருக்கிறது. பேனா ஊசிக்கு இரண்டு மூடி. வெளியே பெரியது, உள்ளே சின்னது. உள்மூடியை எடுக்காமலே வயிற்றில் வைத்து அழுத்திவிடுகிறார்கள். மருந்து மூடிக்குள் தங்கிவிடும், சர்க்கரை 400-ஐத் தாண்டும். ஓபியில் ஒருவர் "தினம் தவறாம போடுறேன் சிஸ்டர், ஊசி குத்துறதே தெரியல, அவ்வளவு நல்ல பேனா" என்று மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. போட்டுக் காட்டச் சொன்னேன். உள்மூடியோடு வைத்தார்.

வீடு. ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். திறக்காத குப்பியும் கார்ட்ரிட்ஜும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கூடாது. ஒரு முறை உறைந்த மருந்து இளகினாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், நிழலான இடம் போதும். திறந்த நாளை மேலே எழுதிவைத்து, பொதுவாக நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் நிழல் என்று ஒன்று உண்டா? அங்கே மண்பானைதான் துணை. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஈரம் படாமல் மூடி வையுங்கள். காலை மாலை மணலில் தண்ணீர் தெளித்தால் போதும். இந்த வகையில் குப்பிக்கும் பேனாவுக்கும் வித்தியாசமில்லை.

அப்புறம் காசு. இதை நோயாளியிடம் கேட்க நர்ஸ்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் இரண்டாவது மாதத்தில் ஊசி நின்றுவிடும். கணக்கு இது: நாளைக்கு 30 யூனிட் போடுபவருக்கு 40 குப்பி ஒன்றில் 400 யூனிட், 13 நாள் வரும். கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். காலையும் இரவும் துளி பார்க்க 2 யூனிட் வீதம் சேர்த்தால் நாளைக்கு 34 ஆகிறது. ஒன்பது நாள்கூட வராது. மாதத்துக்கு நான்காவது கார்ட்ரிட்ஜை உடைத்தாக வேண்டும். பேனா ஊசிகள் தனியாக வாங்க வேண்டும், முறைப்படி மாற்றினால் மாதம் 60. பேனா பரிசாகக் கிடைத்தாலும் இந்தத் தொடர்செலவு யாருடையது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கித் தருவான் என்றால், அவன் அனுப்பாத மாதம் என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். நான் பார்த்த வரைக்கும் கொடுப்பது பெரும்பாலும் 40 குப்பிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதில் வருபவர்களிடம் ஊசி போடுகிறவர் விவரத்தைச் சொல்லிவைத்தால், இடையில் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் ஆயிற்று. அரசு மருந்தை நம்பி வாழ்கிறவருக்குப் பேனாவைப் பழக்கிவிட்டு அனுப்புவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். கார்ட்ரிட்ஜ் தீர்ந்த மாதத்தில் அவர் மருத்துவமனைக் குப்பியை வாங்கிப்போவார், சிரிஞ்சு அவருக்குப் பழக்கமிருக்காது, கடையில் எந்த மூடி கிடைக்கிறதோ அதை வாங்குவார். மேலே சொன்ன 18-உம் 45-உம் மறுபடி அங்கே வந்து நிற்கும்.

யார் போடப் போகிறார்?

கருவியைவிட இந்தக் கேள்வி பெரிது. மருமகள் போடுவாள், மகள் போடுவாள் என்று சொல்லிவிட்டு நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருமகளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால், அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் மாதம் என்ன ஆகும்? நோயாளிக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால், காய்ச்சலில் படுத்துவிட்ட நாளில் யார் போடுவது? முடிந்தவரை இரண்டு பேர். முதல் ஆள் நோயாளியாகவே இருக்க வேண்டும், அவரால் கொஞ்சம்தான் முடியும் என்றாலும். "நீங்க குத்துங்க தாத்தா, இழுத்துக் கொடுக்குறதை அவங்க பாத்துக்கட்டும்" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். கண் சரியில்லாத ஆனால் தைரியமான தாத்தாவும், குத்தப் பயப்படுகிற ஆனால் கண் நன்றாகத் தெரிகிற பாட்டியும் சேர்ந்தால் சிரிஞ்சு தாராளமாக நடக்கும். அந்த இருவருக்கும் பேனா தேவையே இல்லை.

தனியாக இருப்பவர் விஷயம் வேறு. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர், மனைவி இல்லை, மகள் வெளியூரில். வலது கண்ணில் லேசர் செய்திருந்தார், ஜன்னலோரச் சோதனையில் மூன்றில் இரண்டைத் தவறாகச் சொன்னார். அவருக்குப் பேனாதான் என்று முடிவு செய்தோம். பேனாவின் எண்ணும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிளிக் என்று சத்தம் வருவது பிடித்துப்போயிற்று. "டிக்கெட் கிழிச்ச மாதிரி எண்ணிடுவேன் தாயி" என்றார். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, தவறிவிடும். கிளிக் எண்ணிய பிறகு பூதக்கண்ணாடி வைத்து ஜன்னலில் எண்ணையும் பார்த்த பிறகே குத்துவது என்று பழக்கினேன். கார்ட்ரிட்ஜ் மாற்றுவது அவருக்குச் சிரமம் என்பதால், தீர்ந்ததும் தூக்கிப்போடும் பேனாவுக்கு மகள் ஒத்துக்கொண்டாள். விலை கூடுதல்தான். தனி வீட்டில் இரவில் மயங்கி விழுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு நியாயமானது.

வெளியே சுற்றும் வேலையில் இருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் பேனா சொல்லுவேன். லாரி ஓட்டுகிறவர் வழியில் சாப்பாட்டுக் கடையில் குப்பியும் சிரிஞ்சும் எடுத்து வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தில் மத்தியான ஊசியை விட்டுவிடுவார். பேனா சட்டைப்பையில் இருந்தால் போட்டுக்கொள்வார். வண்டியின் டேஷ்போர்டில் மட்டும் வைக்க வேண்டாம், வெயிலில் மருந்து கெட்டுவிடும். ஓட்டுகிறவர் என்றால் கிளம்பும் முன்பு சர்க்கரை பார்த்துக்கொள்வதும் பாடத்தில் உண்டு.

பயமும் ஒரு காரணம்தான், அதைச் சின்னதாக நினைக்கக் கூடாது. "ஊசின்னா கடைசிக் கட்டமா சிஸ்டர்?" என்று கேட்பவரிடம் கருவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கணையம் களைத்துவிட்டது, வெளியிலிருந்து கொஞ்சம் கைகொடுக்கிறோம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறகு 4 மில்லிமீட்டர் பேனா ஊசியை வெறும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். மருதாணி இட்ட விரல் நுனியில் அது ஒரு எள் அளவுக்குத்தான் இருக்கும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அதைத் தோலில் நேராகக் குத்தினால் போதும், மடிப்புப் பிடிக்க வேண்டியதில்லை. சிரிஞ்சு ஊசி 6 அல்லது 8 மில்லிமீட்டர், அதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு தோலை மெதுவாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மெலிந்தவருக்கு, சதை இல்லாத வயிற்றுக்குப் பேனாவின் குட்டை ஊசி பாதுகாப்பு. இது ஒன்றில் பேனாவுக்குச் சந்தேகமில்லாமல் மேன்மை உண்டு.

எந்தக் கருவியானாலும் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் முதல் பாடம் குத்துவது அல்ல, தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சில் குழப்பம். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் எல்லோரையும் ஒரு முறை வாயால் சொல்லவைப்பேன், பேரனையும் சேர்த்து. பல நேரம் வீட்டில் கூட இருப்பது அந்தப் பேரன்தான். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியென்றால், சாப்பாடு தயாராகிவிட்டதா என்று அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும் என்பதும் அன்றே.

டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கொடுக்கும் அந்த அரைமணி நேரத்தில் இதையெல்லாம் கொட்டினால் ஒன்றும் நிற்காது. முதல் நாள் தாழ்சர்க்கரை மட்டும். இரண்டாம் நாள் மருந்தை உருட்டுவதும் இழுப்பதும். கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்த்தால் பால்போல் ஒரே சீராக வரும். அன்றே சாத்துக்குடியில் தண்ணீர் ஏற்றிப் பழக்கம். மூன்றாம் நாள் தன் வயிற்றில் தானே, நான் பார்த்துக்கொண்டிருக்க. "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க, எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்பேன். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கிருந்து மறுபடி. மூன்று ஊசி தவறில்லாமல் போட்ட பிறகே வீடு. மூன்றாம் நாளும் சிரிஞ்சு வசப்படவில்லை என்றால், அப்போது பேனாவுக்கு மாறுவதில் எந்தத் தப்புமில்லை. முதல் நாளே காசைப் போட்டு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

குத்தும் இடத்தில் கட்டி விழுவதும் இரண்டுக்கும் பொது. ஒரே இடத்தில் வலிக்காமல் இருக்கிறது என்று அங்கேயே குத்துவார்கள். வலிக்காததற்குக் காரணமே அங்கே கொழுப்பு தடித்துப்போனதுதான். அந்தக் கட்டிக்குள் போன மருந்து சரியாக ஏறாது, ஒரு நாள் 90, ஒரு நாள் 300 என்று ஆடும். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, தினமும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே முறை. எங்கள் ஆட்களில் பலரால் அது முடியவில்லை, முடிந்தவரை குறைவாகத் திரும்பப் பயன்படுத்துங்கள், மழுங்கிய ஊசிதான் கட்டிக்கு வழி என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன். பயன்படுத்திய ஊசிகள் தடித்த ஷாம்பு பாட்டிலில் சேரட்டும், நிறைந்ததும் மூடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கலாம். குப்பை அள்ளுகிறவர் கையில் அது குத்தக் கூடாது.

முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது ரிப்போர்ட்டோடு கருவியையும் கொண்டுவரச் சொல்லுவேன். சிவப்பு மூடிதானா என்று பார்ப்பேன், திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு வயிற்றைத் தடவிக் கட்டி தேடுவேன். போன மாதம் இட்லிக்கடை அக்கா வந்திருந்தார். மடியிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். ஈரத்துணியில் சுற்றிய குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு இரண்டு, ஒரு பொட்டலம் சர்க்கரை. குப்பியின் மேல் பேனாவால் ஒரு பிறைநிலாவும் ஒரு புள்ளியும் வரைந்திருந்தது. என்ன அது என்றேன். "அமாவாசைக்கு மறுநா தொறந்தேன். பௌர்ணமிக்குள்ள தீந்துடும், அப்புறம் புதுசு" என்றார்.